ஒன்பது மணிப் பக்கத்துக் கீறல்கள்

"பழைய வாட்சுக்குப் புது வாட்சைவிட விலை ஜாஸ்தின்னா, அத்தைக்கும் அம்மாவைவிட விலை ஜாஸ்தியா?"

அத்தையின் தம்பி மகள் ஆறு வயதில் ஒருமுறை சாப்பாட்டு மேசையில் இப்படிக் கேட்டாள். தம்பிக்குப் புரையேறியது. தம்பி மனைவி குனிந்து தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தைதான் சளைக்காமல் பதில் சொன்னாள்.

"ஆமாண்டி செல்லம். அதனாலதான் ஐம்பத்தோரு வருஷமா யாராலயும் வாங்க முடியல. இப்பத்தான் ஒருத்தர் மாட்டியிருக்கார்."

வீடு சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. கல்யாணத்துக்கு அப்போது எட்டே நாள்தான் இருந்தது. அந்த எட்டு நாளும் அந்த வீட்டில் யார் எதைச் சொன்னாலும் சிரிப்புத்தான்.

அத்தையை வேலையிடத்தில் எல்லோரும் பல்லக்கா என்பார்கள். அவள் பல் மருத்துவர் அல்ல. மருத்துவர்கள் அச்செடுத்து அனுப்ப, அதை வைத்துப் பல்செட் செய்கிறவள். இருபத்தாறு வருஷமாக எத்தனையோ பேருடைய சிரிப்பு அவள் மேசையிலிருந்து எழுந்துபோயிருக்கிறது. யார் வாயில் தன் வேலை இருக்கிறது என்று மட்டும் வெளியே மூச்சு விடமாட்டாள்.

மாட்டினவர் ஒரு பஸ் டிரைவர். வயது ஐம்பத்தேழு. டிப்போவில் அவருக்கு நிதானம் என்று பெயர். பல்லக்கா ஏறுகிற நிறுத்தத்தில், தெருமுனையில் அவள் செருப்புச் சத்தம் கேட்கிறவரை வண்டியை எடுக்கமாட்டார். பயணிகள் கைக்கடிகாரத்தைக் காட்டிக் காட்டிக் கத்துவார்கள். "எங்கிட்ட வாட்ச் இல்லீங்களே, மணி என்ன இப்போ?" என்று அப்பாவியாகக் கேட்பார். ஒன்பது வருஷம் இப்படியே ஓடியது. ஒரு மழைநாளில், "நாம ரெண்டு பேரும் ஒரே வீட்லேருந்து கிளம்பினா பாசஞ்சர் திட்டாவது மிச்சமாகும்" என்றார். பல்லக்கா அன்றைக்கு டிக்கெட் எடுக்கவே மறந்து இறங்கிப்போனாள்.

அந்த மனிதர் எதற்கும் ஆசைப்பட்டு அவள் பார்த்ததில்லை. ஒரே ஒருமுறை, டிப்போ அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த ஒரு விற்பனைத் தாளின் முன்னால் நின்றுவிட்டார். பழைய கைக்கடிகாரம் ஒன்றின் படம்.

"நான் பிறந்த வருஷம் செஞ்சதாம். பாரேன், எவ்வளவு லட்சணமா இருக்கு! அதுக்கு வழுக்கை விழலை" என்று தலையைத் தடவிக்கொண்டு போய்விட்டார்.

பல்லக்கா தாளின் அடியிலிருந்த போன் நம்பரைக் கிழித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போடுகிற நேரத்தில் அந்தக் கடிகாரம் அவர் கையில் இருக்க வேண்டும். அவள் மனதில் இருந்த ஒரே ஆசை அதுதான். ஆனால் விற்கிற தையல்காரர் கோட்டு வேலை நெருக்கடியில் ஒரு வாரமாகப் போனையே எடுக்கவில்லை. எடுத்தபோது கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம். மறுநாள் பதினொரு மணிக்குக் கையெழுத்து.

துணைக்குத் தம்பி வந்தான். அவன் இன்சூரன்ஸ் சர்வேயர். மோதின வண்டியைச் சுற்றிவந்து, எது புது அடி, எது பழைய அடி, எது காசுக்காகத் தானே அடித்துக்கொண்ட அடி என்று எழுதுவது அவன் பிழைப்பு. இரண்டு ராத்திரி வீடியோ பார்த்து இருபத்துமூன்று கேள்விகள் எழுதி வைத்திருந்தான். டார்ச், கண்ணில் இடுக்கிக்கொள்ளும் லென்ஸ், பின்மூடியைத் திருகித் திறக்க ஒரு ரப்பர் பந்து, எல்லாம் பையில் இருந்தன.

"அக்கா, உள்ளே போனதும் 'ஐயோ அழகா இருக்கே'ன்னு வாயைத் திறந்துடாதே. முகத்தை வாடகை விஷயமா வந்த மாதிரி வெச்சுக்கோ."

"வாடகை கேக்கிற முகமா, கொடுக்கிற முகமா?"

"நீ படிக்கட்டைப் பார்த்து ஏறு."

மூன்றாம் மாடி. ஜன்னலோரம் தையல் மெஷின், நீளமான வெட்டுமேசை, இன்னும் கைப்பகுதி வைத்துத் தைக்காத கோட்டுகள் மாட்டிய மரத்தாங்கிகள், எங்கும் துணியில் கோடு போடும் சாக்பீஸ் தூள். கழுத்தில் அளவு நாடாவோடு தையல்காரர் ஒரு கறுப்பு வெல்வெட் துண்டை மேசைமேல் பிரித்தார். நடுவில் கடிகாரம்.

"ஐயோ, அழகா இருக்கே!" என்றாள் பல்லக்கா.

தம்பி கண்ணை மூடித் திறந்தான்.

பிறகு வேலையை ஆரம்பித்தான். முகப்பின் எழுத்துகள் கூர்மையாக இருக்கின்றனவா, மறுபடி வர்ணம் பூசியதில் தடித்துப்போயிருக்கின்றனவா என்று லென்ஸில் பார்த்தான். கூர்மைதான். உடம்பின் ஓரங்கள் அளவுக்கு மீறித் தேய்த்துப் பளபளப்பாக்கியதில் மழுங்கியிருக்கின்றனவா என்று விரலால் தடவினான். இல்லை. சாவியைத் திருகிக் காதில் வைத்தான். சீரான ஓட்டம்.

"இருட்டுல ஒளிர்ற பொட்டுங்க இருக்கே, அதுலதான் ஏமாத்துவாங்க. முள்ளு மட்டும் புதுசா மாத்தியிருப்பாங்க" என்றான்.

"அதை நான் பார்க்கிறேன்" என்று பல்லக்கா கைப்பையிலிருந்து ஒரு தகட்டை எடுத்தாள். பதினாறு மாதிரிப் பற்கள் அதில் வரிசையாகச் சிரித்தன. தையல்காரர் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

"பயப்படாதீங்க சார், நிறம் பார்க்கத்தான்." ஒவ்வொரு பல்லாக முகப்பின்மேல் பிடித்தாள். "பன்னிரண்டு, மூணு, ஆறு, ஒன்பது, எல்லாம் இந்த நாலாவது பல்லு நிறம். முள்ளும் அதே நாலாவது பல்லு. ஒரே வீட்ல ஒண்ணா வயசானதுங்க இது. மாத்தினதா இருந்தா எனக்குத் தெரிஞ்சிடும்."

"வாட்ச் வாங்க வந்தீங்களா, எனக்குப் பல்லு கட்ட வந்தீங்களா?" என்றார் தையல்காரர்.

"உங்களுது எல்லாம் சொந்தப் பல்லுதானே. அதுல எனக்கு வேலை இல்லை."

தம்பி ரப்பர் பந்தை அழுத்திப் பின்மூடியைத் திறந்தான். உள்ளே துரு இல்லை. மூடியின் உட்பக்கத்தில், ரிப்பேர் பார்த்தவர்கள் ஊசியால் கீறி வைத்த தேதிகள் இருந்தன. ஆறு தேதி. நான்கு வருஷத்துக்கு ஒருமுறை, தவறாமல். தம்பி முகம் மலர்ந்தது. உடனே அதைச் சுருக்கிக்கொண்டான்.

"எல்லாம் ஓரளவு பரவாயில்லை. ஆனா கண்ணாடி! இது உண்மையான கண்ணாடிகூட இல்லை, அக்ரிலிக். ஒன்பது மணிப் பக்கத்து ஓரத்தைப் பாருங்க, நாய் கடிச்ச மாதிரி கீறல். ஆறு தடவை சர்வீஸ் பண்ணவர் ஒரு தடவைகூட இதை மாத்தலை. இருக்கிறதிலேயே மலிவான சாமான் இதுதான். அவ்வளவு கஞ்சத்தனமா?"

"எங்கப்பா வாட்ச் அது" என்றார் தையல்காரர். கோபமில்லாமல் சொன்னார். "பாங்க் கேஷியர். கஞ்சன் இல்லை, கறார். நான் பிறக்கிறதுக்கு முந்தின வருஷம் வாங்கினது. அம்மா பிரசவத்துலயே போயிட்டாங்க. சித்திதான் என்னை வளர்த்தாங்க. அப்பா என்னைத் தூக்கினதா எனக்கு ஞாபகமே இல்லை. இந்த வாட்சைத் தொட்டேன்னு ஒரு தடவை கையில அடி வாங்கினேன். அது நல்லா ஞாபகம் இருக்கு. அவர் போய் முப்பது வருஷமா டிராயர்ல கிடக்குது. திறக்கிறப்பெல்லாம் என்னை முறைக்குது. நல்ல கைக்குப் போகட்டும்."

"அப்போ கீறலுக்கு ஏதாவது குறைச்சுக்குங்க" என்றான் தம்பி.

தையல்காரர் யோசித்தார். "அஞ்சுல ஒரு பங்கு குறைச்சுக்கறேன். போதுமா?"

தம்பி கனவில்கூட அவ்வளவு எதிர்பார்க்கவில்லை. மேசைக்கடியில் அக்காவின் காலை மிதித்தான்.

பல்லக்காவும் கைப்பையைத் திறந்துவிட்டாள். அக்ரிலிக்தான் அவளுடைய அன்றாடம். பல்செட்டின் ஈறும் அதே சரக்கு. அவள் மேசையிலிருந்த மெருகுச் சக்கரத்தில் பத்து நிமிஷம் பிடித்தால் கீறல் இருந்த இடம் தெரியாது. அந்தக் கீறல் எவ்வளவு ஆழம் என்று மட்டும் பார்த்துவிடலாம் என்று தம்பியின் லென்ஸை வாங்கிக் கண்ணில் வைத்தாள்.

வைத்த கண்ணை எடுக்கவில்லை.

இரண்டு இரண்டாக ஓடின கோடுகள். நடுவில் மயிரிழை இடைவெளி. ஒவ்வொரு கோடும் அரிசிமணியைவிடக் குறுகல். இதைப்போய் நாய் என்றானே! இருபத்தாறு வருஷமாகப் பற்களோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு இதில் என்ன சந்தேகம்? கீழ்த்தாடை, முன்வரிசை, பால்பல் இரண்டு.

தனக்கு வந்தது சந்தோஷமா பயமா என்று அவளுக்கே தெரியவில்லை. சொன்னால் இந்த மனிதர் கடிகாரத்தைத் தரமாட்டார். யார்தான் தருவார்கள்? சொல்லாவிட்டால் நாளை பதினொரு மணிக்கு நிதானத்தின் கையில் இது ஓடும். பத்து நிமிஷ மெருகில் கீறலும் போய்விடும். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. 'கடவுளே, என் வாயைக் கொஞ்சம் மூடி வை' என்று வேண்டிக்கொண்டாள். கடவுளுக்கு எந்த வேண்டுதலைக் காதில் வாங்கக்கூடாது என்பதும் தெரியும்.

"சார், உங்களுக்குப் பல்லு முளைக்கிறப்போ ரொம்பப் படுத்தினீங்களோ?"

"என்னது?"

"இது நீங்க கடிச்சது."

தம்பி கைப்பையைச் சடக்கென்று அவள் பக்கம் தள்ளினான். "அக்கா, நேரமாச்சு, பணத்தைக் கொடுத்துட்டுக் கிளம்பலாம்..."

"சும்மா இருடா." பல்லக்கா பையிலிருந்து விரல் நீள ரோஸ் நிற மெழுகுத் துண்டை எடுத்து, உள்ளங்கைச் சூட்டில் இளக்கி, கண்ணாடி ஓரத்தில் அழுத்தி எடுத்தாள். மெழுகில் கோடுகள் மேடாக எழுந்து நின்றன. "பாருங்க. இது கீழ் ரெண்டு பல்லு. ஆறேழு மாசக் குழந்தை. இந்தப் பக்கம் எதிர்த்தாப்பல இன்னும் ரெண்டு ஓடுது, கொஞ்சம் அகலமா. மேல் பல்லு. அது முளைக்க இன்னும் ரெண்டு மூணு மாசம் ஆகும். அப்போ இது ஒரு நாள் தெரியாம நடந்தது இல்லை. மாசக்கணக்கா கடிச்சிருக்கீங்க."

"விளையாடக் கொடுத்திருப்பாங்க. சித்தி கொடுத்திருப்பாங்க" என்றார் தையல்காரர். அவர் குரல் இறங்கிவிட்டது.

"கையில கொடுத்திருந்தா குழந்தை உருட்டி உருட்டிக் கடிக்கும். சாவிப் பக்கமும் கடிச்சிருக்கும், பின்னாடியும் கடிச்சிருக்கும். மூணு மணிப் பக்கம் ஒரு கோடுகூட இல்லை. டேய், உன் கையை நீட்டு."

தம்பி இடது கையை நீட்டினான். அவள் கடிகாரத்தை அதில் கட்டினாள். பிறகு வெட்டுமேசையிலிருந்த ஒரு துணிச்சுருளை எடுத்து, குழந்தையைப்போல அவன் முழங்கை மடிப்பில் உட்கார வைத்தாள். சர்வேயர் துணிக்குழந்தையோடு திருதிருவென்று நின்றான். துணிச்சுருளின் தலை முன்னால் சாய்ந்தால் எங்கே படும்? நேராக ஒன்பது மணிப் பக்கத்தில்.

"கட்டியிருந்த கையில உக்காந்துதான் கடிச்சிருக்கீங்க. கட்டியிருந்தது யாரு?"

தையல்காரர் கழுத்திலிருந்த நாடாவின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டார்.

அப்போது தம்பியின் முகத்தில் வேலைக்களை வந்தது. அவனால் ஒரு அடியைச் சரியாக எழுதாமல் விட முடியாது. "ஆறு சர்வீஸ்" என்றான் மெதுவாக. "ஒவ்வொரு தடவையும் கடைக்காரன் கண்ணாடி மாத்தட்டுமான்னு கேட்டிருப்பான். கேக்காம விடமாட்டான். ஆறு தடவையும் உங்கப்பா வேண்டாம்னு சொல்லியிருக்கார்."

"அப்புறம் ஏன் அடிச்சார்?" என்று தையல்காரர் கேட்டார். ஐம்பத்தாறு வயதில், வெடுக்கென்று, சின்னப் பையனைப்போல.

"வேற கீறல் விழுந்துட்டா எது முதல்ல விழுந்தது, எது அப்புறம் விழுந்ததுன்னு குழம்பிடுமே சார்" என்றான் தம்பி.

தையல்காரர் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்க, நாடா நழுவி விழ, கண்ணில் தண்ணீர் வர. பல்லக்காவும் சிரித்தாள். தம்பி துணிக்குழந்தையைக் கீழே வைக்க மறந்து சிரித்தான். கோட்டுகள் மாட்டிய தாங்கிகள்கூடக் கூட்டத்தில் சேர்ந்தமாதிரி இருந்தது. கீழ்வீட்டுக்காரர் கூரையைத் தட்டினார்.

சிரிப்பு அடங்கியதும் தையல்காரர் கடிகாரத்தைக் கைக்குள் மூடிக்கொண்டார். "தப்பா நினைக்காதீங்கம்மா. இதை விக்கிறதுக்கில்லை."

"நான் ஒண்ணும் நினைக்கலை" என்றாள் பல்லக்கா. அது பொய்தான். படி இறங்கும்போது நாளைய வெறுங்கை அவள் கண்முன் வந்துவந்து போயிற்று. ஆனாலும் நெஞ்சு பஞ்சாக இருந்தது. அது எப்படி என்று அவளுக்கே புரியவில்லை.

"உன் வாய்க்கு ஒரு பூட்டு செஞ்சு போட்டுக்கக் கூடாதா? ஊருக்கெல்லாம் பல்லு செய்யறே!" என்று தம்பி பொருமினான். "அஞ்சுல ஒண்ணு, அக்கா! அஞ்சுல ஒண்ணு குறைச்சார்!"

"நீதானே ஆறு சர்வீஸ்னு ஆரம்பிச்சே."

"நான் உண்மையைச் சொன்னேன்."

"நான் மட்டும் என்ன, கதையா விட்டேன்?"

தெருவாசலை எட்டியபோது மேலேயிருந்து தடதடவென்று சத்தம். தையல்காரர் வெறுங்காலோடு ஓடிவந்தார். ஒரு கையில் கடிகாரம். காதில் செருகிய சாக்பீஸ் துண்டு.

"ஏம்மா, அந்தக் கண்ணாடியை மட்டும் தனியா கழட்ட முடியுமா?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் தம்பிதான் கத்தினான். "முடியும்! முனையில கடை இருக்கு!"

"வாட்ச் அப்பாவோடது. ஓடணும், யார் கையிலாவது ஓடணும்" என்றார் தையல்காரர் மூச்சு வாங்க. "கண்ணாடிதான் எங்க ரெண்டு பேரோடதும்."

முனைக்கடையில் கடிகாரக்காரர் ஒரு இடுக்கியால் கண்ணாடியைச் சுற்றிலும் அழுத்தி டப்பென்று எடுத்தார். அதே அளவில் புதிது ஒன்றைப் பொருத்தக் கால்மணி நேரம் ஆயிற்று. பழைய கண்ணாடியைக் குப்பைத்தொட்டிப் பக்கம் கொண்டுபோனபோது மூன்று பேரும் ஒரே குரலில் போட்ட சத்தத்தில் அவர் இடுக்கியைத் தவறவிட்டார். தையல்காரர் அதைக் கைக்குட்டையில் முடிந்து சட்டைப்பையில், இடப்பக்கம், வைத்துக்கொண்டார்.

பல்லக்கா முழு விலையை எண்ணி நீட்டினாள். அவர் ஐந்தில் ஒரு பங்கைத் திருப்பி அவள் பையிலேயே போட்டார். "பேசினது பேசினதுதான்" என்றார். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

அன்று மாலை கல்யாண வீட்டுக் களேபரத்துக்கு நடுவில் பல்லக்காவுக்கு ஒரு கணக்கு உறுத்த ஆரம்பித்தது. விலையைக் குறைத்தது கீறலுக்காக. கீறலையோ அவரே வைத்துக்கொண்டார். தன்னிடம் வந்திருப்பது ஒரு குறையும் இல்லாத கடிகாரம். அப்படியானால் அந்தக் குறைப்பு எந்தக் கணக்கில் சேரும்? பணமாக அனுப்பினால் வாங்கமாட்டார். தம்பியிடம் சொன்னால் தலையில் அடித்துக்கொள்வான். நிதானத்திடம் சொல்லலாம், ஆனால் கடிகாரமே நாளைவரை அவருக்கு ரகசியம். பெரிய உபகாரங்களைச் செய்ய ஊரில் பெரியவர்கள் இருக்கிறார்கள். நம்மால் ஆன சின்னதை நாமே செய்துவிட்டால் ராத்திரி தூக்கம் வரும், அவ்வளவுதான். என்ன செய்வதென்று முடிவுசெய்ததும் அவள் தூங்கினாள்.

கல்யாணத்தன்று காலை ஆறு மணிக்குத் தன்னிடமிருந்த சாவியால் வேலையிடத்தைத் திறந்தாள். வேறு யாரும் வரவில்லை. கைப்பையிலிருந்த மெழுகை எடுத்தாள். கோடுகளின் அகலத்தையும் இடைவெளியையும் அளந்தாள். பெரியவர்களுக்கான பற்களே நிறைந்த அந்த அலமாரியில் இவ்வளவு சின்னது கிடையாது. வெண்மையிலும் வெண்மையான நிறத்தைக் குழைத்து, கையாலேயே செதுக்கினாள். ஒரு முனையில் லேசான வளைவு. புதுப்பல்லின் விளிம்பில் இருக்கும் மூன்று குட்டி மேடு. நடுவில் அந்த மயிரிழைச் சந்து. ஒரு துளி ரோஸ் ஈற்றில் இரண்டையும் நட்டாள். மெழுகின் மேட்டோடு வைத்துப் பார்த்தாள். அச்சாக ஒத்துப்போயிற்று. இருபத்தாறு வருஷத்தில் கடிக்கவே போகாத பல்லை அவள் செய்தது அதுதான் முதல்முறை. தனியாக நின்று ஒருமுறை சிரித்தாள்.

ஏழரைக்குத் தையல்காரர் வீட்டு வாசலில் நின்றாள். தீப்பெட்டி ஒன்றில் பஞ்சு வைத்து, அதன்மேல் அந்தப் பற்கள். பெயரோ குறிப்போ எழுதவில்லை. தபால்பெட்டிகளில் மூன்றாம் மாடிப் பெட்டியைத் தேடி, தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். பால் வண்டி போய்விட்டிருந்தது. யாரும் இல்லை. உள்ளே தள்ளினாள். பஞ்சு இருந்ததால் விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

மேலே ஜன்னலில் தையல் மெஷின் ஓட ஆரம்பித்தது. பல்லக்கா தலையை நிமிர்த்தாமல், சுவரோரமாகவே நடந்து தெருமுனையில் திரும்பினாள்.